ஒரிஜினல் செயின்

முதுகில் கரிமூட்டை ஏறிவிட்டால் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. இடுப்புக்குக் கீழேதான் உலகம். காசிம் மீசை அரும்பும் முன்பே மூட்டைக்குக் கீழே போனவன். வீரசோழனில் அப்துல் வாஹித் முதலாளியின் கரி குடோனில் லோடு ஏற்றும்போதெல்லாம் அவன் கண்ணுக்குத் தெரிந்தது முதலாளியின் வெள்ளைக் கைலியும், அதன் பக்கத்தில் தொங்கிய இடது கையும், அந்தக் கையில் கிடந்த வாட்சும்தான்.

குடோனில் எல்லாமே கரி. சாக்கு கரி, லாரி கரி, எச்சில் துப்பினால் எச்சிலும் கரி. அந்த வாட்ச் மட்டும் அப்போதுதான் கழுவி வைத்த பாத்திரம்போல் மினுங்கும். முதலாளி கையைத் தூக்கி மணி பார்ப்பார். "என்னலே, ஆமை முட்டையிடுற மாதிரி ஏத்துறீக? லாரிக்காரன் கெளம்பணும்ல" என்று சத்தம் போடுவார். மற்ற லோடுமேன்களுக்கு அந்த வாட்சைக் கண்டாலே ஆகாது. வேலையை விரட்டுகிற வாட்ச். காசிமுக்கு மட்டும் அதன்மேல் ஆசை வந்து ஒட்டிக்கொண்டது. அடிக்கிறவன் கையில் கிடந்தாலும் மோதிரம் மோதிரம்தானே.

ஃபேவர்லூபா வாட்ச் அது. முதலாளியைப் பெற்ற அத்தா பினாங்கில் கடை வைத்திருந்த காலத்தில் வாங்கிக் கட்டியது. தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும். வாட்சைவிட உசத்தி அதன் செயின். வாட்சோடு கூடவே வந்த ஸ்டீல் செயின், பூட்டுகிற லாக்கின் மேல் கம்பெனி பேர் பொறித்தது. அந்தக் காலத்து வாட்ச் கிடைத்துவிடும்; அதே செயினோடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இதெல்லாம் காசிமுக்குப் பின்னால் தெரிய வந்தது.

அந்த ஒரு வாட்சின் மேல் விழுந்த ஆசையில் அவன் கண்டதையும் சேர்த்தான். பாளையம்பட்டியில் ஒரு கடைக்காரன் ஓடாத வாட்சுகளை டப்பாவோடு எடைக்குப் போடப்போனபோது வழிமறித்து வாங்கினான். போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்து, கெடுத்துக் கெடுத்து, வேலை படித்தான். மீதி வாட்சுகள் மவுத்து வீடுகளிலிருந்து வந்தவை. பள்ளிவாசல் ஜமாத்தில் மய்யத்தைக் குளிப்பாட்டுகிறவர்களில் காசிமும் ஒருத்தன். குளிப்பாட்டியவருக்கு இறந்தவரின் உடுப்பைக் கொடுத்துவிடுவது அந்த ஊர் வழக்கம். "உடுப்ப வேற யாருக்காச்சும் குடுங்க. பழைய வாட்சு ஏதும் கெடந்தா எனக்குக் குடுங்க" என்பான். கொடுத்தார்கள். செத்தவன் கடிகாரம் வீட்டில் கிடந்து என்ன செய்யப்போகிறது? ஊரில் அவனுக்கு 'மவுத்து வாட்சு காசிம்' என்றே பேராகிவிட்டது. அவன் பெண்டாட்டி நசீமா அந்தத் தகரப் பெட்டியைத் தொடமாட்டாள். "அத்தன பேரு கையும் அதுக்குள்ள கெடக்கு" என்பாள்.

கரிவேலை முடிந்ததும் எலுமிச்சை மூடியும் துணிசோப்பும் போட்டுத் தேய்த்து, நகக்கண்ணைக் குச்சியால் சுரண்டி, அதற்கப்புறம்தான் பெட்டியைத் திறப்பான். போனில் பழைய வாட்ச் சேர்க்கிறவர்களின் குழு ஒன்றில் இருந்தான். கோயம்புத்தூர்க்காரர், சென்னைக்காரர், என்ஜினீயர், டாக்டர் எல்லாரும் அதில் உண்டு. அங்கே அவன் 'காசிம் பாய்'. என்ன தொழில் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. படத்தில் வாட்ச்தான் தெரியும், முதுகு தெரியாது.

அந்தக் குழுவில் ஒரே வேதம்: ஒரிஜினல். வாட்சை மாற்றக் கூடாது, பூசக் கூடாது, வெட்டக் கூடாது. புதுசாகப் பெயின்ட் அடித்த டயலைக் கண்டால், "பொணத்துக்கு ரோஸ் பவுடர்" என்று காசிம் எழுதுவான். எல்லாரும் சிரிக்கிற பொம்மைப் படம் போடுவார்கள்.

வாஹித் முதலாளிக்கு வாதம் அடித்து இடது பக்கம் விழுந்தது. வாய் கோணிப் பேச்சு குழறியது, ஆனால் புரியும். குடோனைக் குத்தகைக்கு விட்டார்கள். மகன் நவாஸ் தோஹாவில் இருந்து வீடியோவில் வந்து அழுதான், பணம் அனுப்பினான். வீட்டில் சர்புன்னிசா மாமி ஒருத்திதான் புரட்டவும் துடைக்கவும். வலது கை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சர்க்கரையில் விரல் மரத்துப்போய்ச் சாவியின் பல் பிடிபடவில்லை. மாமியைக் கொடுக்கச் சொன்னார். அவள் ஒடித்துவிடுவோமோ என்று பயந்தாள். வாட்ச் நின்றது.

காசிம் நோய் விசாரிக்கப் போனான். போனவன் கண் போன இடம் முதலாளிக்குத் தெரியாமலா இருக்கும்?

"ஏலே காசிமு, எதுக்கு வந்திருக்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்? மாடு செத்தாத்தான் பருந்து வரும். நீ என்னலே முந்தியே வந்துட்ட?"

"அப்பிடியெல்லாம் இல்ல மொதலாளி."

"பொய் சொல்லாத. மூட்டைக்கு அடியில இருந்து நீ பாத்த பார்வையெல்லாம் எனக்குத் தெரியும். கழத்திக் குடுன்னு கேக்க வந்தியா?"

"நின்னுபோச்சேன்னு பாத்தேன்."

முதலாளி சிரித்தார். கோணிய வாயில் எச்சில் ஒழுகியது. மாமி துடைத்துவிட்டாள்.

"இந்தா பாரு. உசுரோட இருக்கும்போது கழத்த மாட்டேன். எங்கத்தா கட்டிவிட்டது. என்னையக் குளிப்பாட்டப்போறது நீதான? அப்பக் கழத்திக்க. கழத்துனவன் வச்சுக்க. அதுவரைக்கும் தெனம் வந்து சாவி குடு. ஒருநா நின்னாலும் ஒனக்கு இல்ல, ஆமா. சர்புன்னிசா, கேட்டுக்கிட்டியா?"

"நல்ல பேச்சு பேசுங்க" என்றாள் மாமி. ஆனாலும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து காசிம் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு நேராக அங்கே போனான். வாட்சைக் கையில் கட்டியபடியே சாவி கொடுக்கக் கூடாது, உள்ளே தண்டு தேயும். மனசு கேட்காமல்தான் கொடுத்தான். கொடுத்துவிட்டு உடனே எழுந்துவர முடியுமா? மாமி டீ கொடுத்தாள். முதலாளியைப் புரட்டிவிடக் கைகொடுத்தான். தாடையைச் சரைத்துவிட்டான். குண்டி கழுவவும் கூச்சப்படவில்லை, மய்யத்தைக் கழுவுகிற கைதானே. முதலில் வாட்சுக்காகப் போனான் என்பது சத்தியம். போகப் போக எதற்காகப் போகிறான் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஆகிவிட்டது. படுக்கையில் விழுந்தவனைப் பார்க்க முதல் வாரம் ஊரே வரும், அப்புறம் ஈதான் வரும். காசிம் தினமும் வந்தான். செருப்புச் சத்தம் கேட்டதும் முதலாளி, "பருந்து வந்துருச்சு, டீயப் போடு" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகம் தெளிந்திருக்கும்.

கை வீங்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தவன் காசிம்தான். அந்த மணிக்கட்டை அவனைப்போல் வேறு யார் பார்த்தார்கள்? முன்பெல்லாம் செயின் வளையல்போல் மேலும் கீழும் ஆடும். பிறகு ஆடாமல் நின்றது. பிறகு சதையில் அதன் அச்சு விழுந்தது. ஒரு நாள் சாவியைப் பிடிக்க, புறங்கைச் சதையை விரலால் அழுத்தி ஒதுக்க வேண்டியிருந்தது. தொங்கிக் கிடக்கிற கையில் நீர் இறங்கியிருக்கும், தலையணை மேல் தூக்கி வைத்தால் வடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டான். தலையணை வைக்கவும் செய்தான். வடியவில்லை.

வீடு வீடாக வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிற தங்கலட்சுமி திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். பேச்சு வெடுக்கென்று இருக்கும், மனசு நல்லது. ஊசி குத்த அவர் இடது கையைத் தூக்கியவள் அப்படியே நின்றாள்.

"ஏம்மா, அய்யா கை இப்பிடி வீங்கிக் கெடக்கு, கடியாரத்தக் கட்டி அழகு பாக்குறீகளா? மொதல்ல இதக் கழத்துங்க."

"சுகரு பாக்க வந்தா சுகரப் பாரு தாயி" என்றார் முதலாளி.

"சுகரு கூரையப் பிச்சுக்கிட்டு நிக்குது, அதையும் சொல்றேன். உங்களுக்கு இந்தக் கையில உணர்ச்சி இல்ல. அடியில புண்ணு வந்தாக்கூடத் தெரியாது. வந்துச்சுன்னா ஆறாது. சொல்லிப்புட்டேன்."

காசிம் பக்கத்தில்தான் இருந்தான். லாக்கைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. எத்தனை வருசத்து வியர்வையும் கரித்தூளும் உள்ளே இறங்கிக் கல்லாக இறுகியிருந்தது. வாட்சோடு செயினைச் சேர்க்கிற ஊசிகளும் இரண்டு பக்கமும் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தன. நெம்பினால் வாட்சின் காது ஒடியும்.

"வெட்டிருங்க பாய்" என்றாள் தங்கலட்சுமி. "ஒரு கட்டிங் பிளேயரு போதும்."

"வெட்டக் கூடாது. இது ஒரிஜினல் செயினு. எண்ணெய் விட்டு ஊறவச்சா எளகிரும். நான் நோகாமக் கழத்தித் தாரேன்."

"நோகாம எதுக்குக் கழத்தணும்? அவருக்குத்தான் நோகவே நோகாதே!"

மாமி இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "வாட்சு விசயம் காசிமுக்குத்தாம்மா தெரியும். அவன் பாத்துக்கிருவான்" என்றாள். தங்கலட்சுமி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

அன்றிலிருந்து காசிம் ஊசிமுனையால் லாக்கில் எண்ணெய் விட்டான். வாட்ச் எண்ணெய் இறங்கவில்லை என்று மண்ணெண்ணெய் கலந்து விட்டான். சதையில் வழிந்ததைத் துணியால் ஒற்றி எடுத்தான். குழுவில் லாக்கை மட்டும் படம் எடுத்துப் போட்டான், கை தெரியாமல். 'அவசரப்படாதீங்க காசிம் பாய், இது மாதிரி செயின் இனி கிடைக்காது' என்று ஒருத்தர் எழுதினார். 'உங்க பொறுமைக்கு ஒரு சல்யூட்' என்று இன்னொருத்தர். கை தெரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்களோ.

வீக்கம் செயினுக்கு இரண்டு பக்கமும் பிதுங்கி, செயினே ஒரு பள்ளத்துக்குள் போய்விட்டது. விரல்கள் பழுத்த கத்தரிக்காய் மாதிரி மினுத்தன. ஒருநாள் காலையில் முதலாளி வழக்கமான கேலியை விட்டுவிட்டு, அவனையே பார்த்தபடி சொன்னார்.

"காசிமு, தோளு வரைக்கும் கனக்குதுலே. வெட்டணும்னா வெட்டிப்போடு. எங்கத்தா ஒண்ணும் கபருல இருந்து எந்திரிச்சு வந்து கேக்க மாட்டாரு."

இதைவிட ஒருத்தர் என்ன சொல்ல வேண்டும்? அன்று காசிம் கைலி மடிப்பில் கட்டிங் பிளேயர் இருந்தது. முந்தின நாள் ராத்திரி அவன் மனசே அவனைத் திட்டித்தான் எடுத்து வைத்திருந்தான். கையை மடிப்புக்குக் கொண்டுபோனான். லாக்கின் மேல் பொறித்திருந்த பேரைப் பார்த்தான். எண்ணெய் பட்டுப் பட்டுப் பளிச்சென்று இருந்தது. அதை எந்த இடத்தில் வெட்டினால் சேதம் குறைவு என்று யோசித்தான். எந்த இடத்தில் வெட்டினாலும் சேதம்.

"எளகிட்டு வருது மொதலாளி. ரெண்டு நாளு பொறுங்க" என்றான்.

இளகவில்லை. அது அவனுக்குத் தெரியும்.

வாடை வந்தபோது மண்ணெண்ணெய் வாடை என்றுதான் மாமியும் நினைத்தாள், அவனும் நினைத்தான். இல்லை, அவன் நினைக்கவில்லை. எத்தனை மய்யத்தைக் கழுவியவன்; மூக்குக்கு அந்த வாடையைத் தெரியாதா? நினைத்ததாக வைத்துக்கொண்டான்.

தங்கலட்சுமி மறுபடி வந்தபோது வாசல்படியிலேயே முந்தானையை மூக்கில் வைத்தாள். உள்ளே வந்து கையைத் திருப்பிப் பார்த்தாள். செயினுக்கு அடியில் கறுத்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். பேசி முடித்துவிட்டு, "நோகாமக் கழத்திட்டீகளா பாய்?" என்று மட்டும் கேட்டாள்.

அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு நர்சுப் பெண், கல்யாண வயசுகூட இருக்காது, பிளேயரைச் செருகி ஒரு நெருக்கு நெருக்கினாள். செயின் இரண்டாகப் பிரிந்து, கூடவே தோலையும் எடுத்துக்கொண்டு வந்தது. தட்டில் போட்டு, "இத யாரு வச்சுக்கிறீங்க?" என்றாள். மாமி தாடையால் காசிமைக் காட்டினாள்.

"இத்தனை நாள் இதை ஏன் வெட்டலை?" என்று டாக்டர் கேட்டார்.

காசிம் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டாள். "அவுகதான் சார் கழத்த விடல. அத்தா வாட்சுன்னு பிடிவாதம்."

காசிம் வாயை மூடிக்கொண்டான்.

கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். உயிரோடு இருக்கும் முஸ்லிமின் உடம்பிலிருந்து வெட்டியது என்றாலும் மண்ணுக்குத்தான் போக வேண்டும், குப்பைக்குப் போகக் கூடாது. அதைச் சொல்லிக் கெஞ்சி, கையெழுத்துப் போட்டு, காசிம்தான் வாங்கினான். நர்சு மருந்துத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அவன் அதற்குமேல் தன் துண்டைச் சுற்றித் துணிக்கடைப் பையில் வைத்தான். மாமி காரில் போகச் சொன்னாள். இதைச் சொன்னால் எந்தக் கார்க்காரன் ஏற்றுவான்? பஸ்ஸில் யாரும் பையைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

அருப்புக்கோட்டை பஸ்ஸில் கண்டக்டர் மடியில் இருந்த பையைப் பார்த்து, "என்ன பாய், கறியா? ரத்தம் கித்தம் ஒழுகுனா எறக்கி விட்டுருவேன், ஆமா" என்றான்.

"துணிண்ணே."

"துணிய எதுக்கு இந்தப் பிடி பிடிச்சிருக்கீக? யாரும் புடுங்கிட்டுப் போகப்போறாகளா?"

பக்கத்துச் சீட்டுக்காரர் சிரித்தார். காசிமும் சிரித்தான். சிரிக்காவிட்டால் சந்தேகம் வரும். ஒரு காலத்தில் அந்தக் கை தூங்கிப்போகிறவனைத் தலையில் தட்டியிருக்கிறது, பெருநாளைக்குத் துணி கொடுத்திருக்கிறது, லாரியைக் காட்டி விரட்டியிருக்கிறது. இப்போது அவன் மடியில் ஒரு படி அரிசிக் கனம்கூட இல்லை. வாட்ச் சட்டைப்பையில் இருந்தது, நின்றுபோயிருந்தது. காரியாபட்டி தாண்டியதும் அவன் அதை எடுத்துச் சாவி கொடுக்க ஆரம்பித்தான். கொடுத்து முடித்த பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. அது ஓடியது. பஸ் சத்தத்தில் கேட்காதுதான், ஆனால் விரலுக்குத் தெரிந்தது.

கபருஸ்தானில் பள்ளிவாசல் மோதினார் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டிக் கொடுத்தார். "இதுக்குத் தொழுக கெடையாது. வச்சு மூடிரு" என்றார். வைத்து மூடினான்.

முதலாளி பிழைத்து வீட்டுக்கு வந்தார். வந்தவர் பாதி ஆளாக இருந்தார். காசிம் வாட்சைக் கொண்டுபோய்க் கொடுத்தான். "இன்னும் சாகலல்ல, இங்கன வையி" என்று தலையணைக்குப் பக்கத்தைக் காட்டினார். அறுந்த செயினோடு அது அங்கே கிடந்தது. அவன் தினமும் போய்ச் சாவி கொடுத்தான்.

"கைய எங்கலே அடக்குன?" என்றார் ஒருநாள்.

"ஒங்க அத்தா கபருக்குப் பக்கத்துல."

"மக்காப் பக்கம், கிப்லாவப் பாக்க வச்சியா?"

"கைக்கு ஏது மொதலாளி மொகம்?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எல்லாவனும் மொத்தமாச் சாவான். நான் சில்லறையாச் சாகுறேன் பாரு. யாவாரி புத்தி."

காசிம் சிரிக்கவில்லை. "மொதலாளி, அன்னைக்கு நீங்க சொன்னப்பவே நான் வெட்டிருக்கணும்" என்றான்.

அவர் சிரிப்பு நின்றது. அவனைப் பார்க்காமல் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். பிறகு, "வெயில் ஏறிருச்சு, லோடுக்குப் போ" என்றார். குடோனில் சொல்கிற அதே குரல். மன்னிப்பும் இல்லை, சண்டையும் இல்லை. அதற்கப்புறம் அவர் அவனைப் பருந்து என்று கூப்பிடவே இல்லை.

வெட்டிய இடம் ஆறவில்லை. சீழ் பிடித்து மேலே ஏறியது. இரண்டாவது தடவை வெட்ட வேண்டும் என்றார்கள். நவாஸ் லீவு கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் ஒரு காலையில், டீ ஆறுவதற்குள், உயிர் போய்விட்டது.

காசிம் பள்ளிவாசலுக்குப் போய்க் குளிப்பாட்டுகிற பலகையைத் தூக்கிவந்தான். கற்பூரம், சீயக்காய், கபன் துணி எல்லாம் தயார். கொல்லையில் சேலையைத் திரையாகக் கட்டியாகிவிட்டது. கூட இரண்டு பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். காசிம் திரையை விலக்கப்போனபோது மாமி நிலைப்படியில் வந்து நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் காய்ந்திருந்தது.

"காசிமு, ஒண்ணு கேக்கணும். அந்த நர்சுப் பொண்ணு நகத்த வெட்டுற மாதிரி வெட்டிப்போட்டா. நான் அன்னையிலருந்து அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன். அவ வச்சிருந்தாள்ல, அது மாதிரி ஒங்கிட்ட இருக்கா?"

"இருக்கு மாமி."

"அப்பவும் இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். எண்ணெய் இறங்கும் என்றுதான் நம்பினேன் என்று அழுதிருந்தால், அந்த வீட்டில் அன்று எல்லாரும் சேர்ந்து அழுதிருப்பார்கள். திரைக்குப் பின்னால் முதலாளி கிடந்தார். காசிமுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இருந்துச்சு மாமி. அவுக வெட்டுன்னு சொன்ன அன்னைக்கு மடியில வச்சிருந்தேன்."

நின்ற இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"வெட்டுன்னு சொன்னாகளா?" என்றாள் மாமி. அது அவளுக்குப் புதுசு. நிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில டாக்டர்கிட்ட அவுக மேல பழியப் போட்டேன். அவுக பிடிவாதம்னேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த?"

"ஆமா மாமி."

"ஒன்ன நம்பி அந்தப் பொண்ணு பேச்ச நான் தட்டுனேன். அது எங்கணக்கு, நான் அல்லாகிட்டப் பேசிக்கிறேன். ஒன் கை அவுக மேல படக் கூடாது. வெளிய போ."

அவன் பலகையைத் தாண்டி வெளியே வந்தான். மாமி பின்னாலேயே வந்தாள். வாட்சை அவன் கையில் வைத்தாள். வாங்க மாட்டேன் என்று கை பின்னால் போனது. அவள் விடவில்லை.

"அவுக சொன்ன சொல்லு. எடுத்துட்டுப் போயிரு. இந்த வீட்டுக்குள்ள இது சத்தம் கேக்கக் கூடாது."

தெருவில் வேப்பமரத்தடியில் நின்றான். ஊர் முழுக்க அங்கே இருந்தது, யாரும் அவன் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. கொல்லையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. கழுவிய தண்ணீர் சாக்கடையில் நுரையோடு வந்தது. இடது பக்கம் கழுவும்போது யார் எப்படிப் பிடிப்பார்கள் என்று யோசித்தான். பழக்கமில்லாதவர்கள், புண்ணில் துணி ஒட்டும், மெதுவாக நனைத்து எடுக்க வேண்டும். உள்ளே போய்ச் சொல்ல முடியாது.

மய்யத்தை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது தோள் கொடுக்கப் போனான். முன்னால் இருந்தவர் இடம் விடவில்லை. பின்னால் போனான். அங்கேயும் ஆள் இருந்தது. அந்த ஊரில் அவன் தூக்காத பாரம் இல்லை. அன்று வெறுந்தோளோடு கூட்டத்தின் கடைசியில் நடந்தான். தொழுகையில் கடைசி வரிசையில் நின்றான். மண் போட மட்டும் யாரும் தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்தபோது நசீமா வாசலில் நின்றாள். ஊர்ப் பேச்சு அவனுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"அத வீட்டுக்குள்ள வச்சுப் பண்ணாதீக" என்றாள்.

வெளியே வெயிலில் உட்கார்ந்தான். டப்பா மூடியில் பெட்ரோல் ஊற்றி, வாட்சில் படாமல் செயினை மட்டும் முக்கினான். பழைய பல் பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்தான். காய்ந்து கறுத்தது முதலில் வரவில்லை. ஊறியதும் பொருக்குப் பொருக்காக வந்தது. பெட்ரோல் பழுப்பாகியது. அதைக் கொட்டிவிட்டுப் புதுசு ஊற்றினான். அதுவும் பழுப்பாகியது. லாக்கின் இடுக்கில் ஊசியை விட்டபோது, உள்ளே இருந்ததெல்லாம் கரைந்துபோய், அது டக்கென்று திறந்துகொண்டது. இத்தனை நாள் எந்த எண்ணெய்க்கும் அசையாத லாக். அவன் அதை மூடித் திறந்தான். மறுபடி மூடித் திறந்தான். சுகமாக வேலை செய்தது.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு வெட்டுப்பட்ட இடத்தைப் பார்த்தான். நர்சு சுத்தமாக வெட்டியிருந்தாள். போனது ஒரே ஒரு கண்ணி. அருப்புக்கோட்டையில் நகை வேலை செய்கிற ஆசாரி ஒருத்தரைத் தெரியும். அவரிடம் கொடுத்தால் பற்ற வைத்து அரத்தால் ராவி, வெட்டின தடம் தெரியாமல் ஆக்கிவிடுவார். படத்தில் ஒருத்தனுக்கும் தெரியாது.

இந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தூ என்று பக்கத்தில் துப்பினான். நசீமா இன்னும் வாசலில் நின்று தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. கண்ணாடியை மட்டும் அவன் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.